ஊர்ப் பெயரைத் தாங்கிய மேளம்



பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் ஒரு பெயர் இடுகிறார்கள். அக்குழந்தை வளர்ந்து, நாகசுரமோ தவிலோ கற்று, நாலு பேர் மெச்ச வாசிக்கத் தொடங்கிவிட்டால், அந்தப் பெயருக்கு முன்னால் ஓர் ஊர் வந்து தானாகவே அமர்ந்துகொள்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, திருவீழிமிழலை சகோதரர்கள், செம்பொன்னார்கோயில் சகோதரர்கள், நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே போகலாம். இந்தப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே காவிரிப் படுகையின் வரைபடம் கண்முன் விரிகிறது. அதிகாரிகளும் செல்வந்தர்களும் பிறந்த ஊர்களும் இங்கே உண்டு. அவர்களுள் எத்தனை பேரால் ஊருக்குப் பெயர் வந்தது? நாயனம் வாசித்தவர்களால் வந்தது. ஒரு சின்னஞ்சிறு கிராமத்தின் பெயர் கடல் கடந்தும் அறியப்பட்டதென்றால், அந்தப் பெயரை ஒரு மேளக்காரர் சுமந்து சென்றிருக்கிறார் என்றே பெரும்பாலும் பொருள்.

ஓர் இசைக் குழுவுக்கும் அது பிறந்த ஊருக்கும் உள்ள உறவு எத்தகையது, அது எதனால் உண்டாகிறது, எதனால் தளர்கிறது என்பதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இந்த உறவு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலே லிவர்பூல் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. கப்பல் சுமைகளை ஏற்றி இறக்கிப் பிழைத்த உழைப்பாளிகளின் ஊர் அது. அங்கே தோன்றியதுதான் ‘பீட்டில்ஸ்’ என்ற நான்கு இளைஞர்களின் இசைக் குழு. அவர்களில் ஒருவருடைய தந்தை பஸ் ஓட்டியவர். உலகப் புகழ் பெற்ற பின்னர், 1964 ஜூலை 10ஆம் நாள் அவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்பியபோது, ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள் தெருவோரங்களில் திரண்டு நின்றதாகக் கணக்கிட்டார்கள். அவ்விளைஞர்கள் 1967இல் தங்கள் ஊரின் பென்னி லேன் என்ற தெருவின் பெயரையே ஒரு பாட்டுக்குத் தலைப்பாக வைத்தார்கள். அன்று முதல் அந்தச் சாதாரணத் தெருவைக் காணவே பிற தேசத்தார் பயணம் செய்து வருகிறார்கள்.

அதே இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் கிரைம்தார்ப் என்ற சுரங்கக் கிராமமும் உண்டு. நிலக்கரி வெட்டிய தொழிலாளர்கள் சேர்ந்து 1917இல் அங்கே ஒரு பித்தளை வாத்தியக் குழுவைத் தொடங்கினார்கள். பகலில் பூமிக்கு அடியில் கரியோடு போராடியவர்கள், மாலையில் குளித்துவிட்டு வந்து எக்காளம் ஊதினார்கள். 1992 அக்டோபரில், சுரங்கத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே அந்தக் குழு லண்டனுக்குச் சென்று நாட்டின் முதற்பரிசை வென்று திரும்பியது. 1993இல் சுரங்கம் மூடப்பட்டது. வாத்தியக் குழு மூடப்படவில்லை. இன்றும் அந்தச் சுரங்கத்தின் பெயரிலேயே வாசித்து வருகிறது. இந்தச் செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். பழைய தஞ்சை ஜில்லா இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என நான்கு மாவட்டங்களாகப் பிரிந்து நிற்கிறது. நிர்வாகம் பிரிந்தாலும் நீர் ஒன்றுதான், நெல் ஒன்றுதான், மேளமும் ஒன்றுதான். இங்கே பெரிய மேளம் என்றால் நாகசுரம், தவில், தாளம், ஒத்து ஆகியவை கூடிய குழுவைக் குறிக்கும். சதிர் ஆட்டத்துக்குரிய குழுவைச் சின்ன மேளம் என்று அழைத்தார்கள். பெரிய மேளத்தில் ஒத்து என்பது சுருதி ஒன்றையே இடைவிடாமல் ஊதும் குழல். இக்காலத்தில் பெரும்பாலும் சுருதிப் பெட்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்த வாத்தியங்களைச் சற்று உற்று நோக்குங்கள். அவை எங்கே பிறந்தன என்று அவற்றின் உடம்பே சொல்லும். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே, ஆடுதுறையை அடுத்து, நரசிங்கம்பேட்டை என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே உள்ள ஆச்சாரிமார்கள் தலைமுறை தலைமுறையாக நாகசுரம் கடைகிறார்கள். அதற்கு வேண்டியது ஆச்சா மரம். அதிலும் புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூணும் உத்தரமுமே உகந்தவை. பல்லாண்டுக் காலம் ஒரு வீட்டைத் தாங்கி, ஈரமெல்லாம் வற்றி, இறுகிப்போன மரம்தான் நாதத்தைத் தாங்கும் என்பது அவர்கள் அனுபவம். ஊர் மக்கள் குடியிருந்த வீடே குழலாகிறது என்று இதைச் சொன்னால் மிகையாகாது. 2022ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

குழல் கிடைத்துவிட்டால் மட்டும் ஒலி வந்துவிடாது. அதன் வாயில் செருகும் சீவாளிதான் உயிர். அந்தச் சீவாளிக்குப் பேர்போன ஊர் நரசிங்கம்பேட்டைக்கு அண்டையிலுள்ள திருவாவடுதுறை. காவிரிக் கரையோரங்களில் விளையும் ஒரு நாணல் வகையை அறுத்து, வேகவைத்து, உலர்த்தி, பதமாகக் கட்டிச் சீவாளி செய்கிறார்கள். ஆற்றங்கரைப் புல்லும் பழைய வீட்டுத் தூணும் சேர்ந்து பேசுவதுதான் நாகசுரம்.

தவிலின் கதையும் இதுதான். அதன் உடல் குடைந்தெடுத்த பலா மரம். இடப்புறத்தை அடிக்கும் கழி பெரும்பாலும் பூவரசங்கழி. வாய்க்கால் கரையெங்கும் நிற்கும் மரம் பூவரசு என்பதை டெல்டாவாசிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. வலக்கை விரல்களில் அணியும் கூடுகளைத் துணியில் அரிசிமாப் பசை தடவிச் சுற்றிச் செய்வது பழைய வழக்கம். இந்த மண்ணில் விளைந்த அரிசி, உண்ணப்படுவதோடு நில்லாமல், தவிலின் மேல் சொற்கட்டாகவும் விழுந்தது.

வாத்தியத்தை ஊர் தந்தது. வாசிப்பவருக்குச் சோற்றையும் ஊரே தந்தது. அது எவ்வாறு என்பதைச் சரித்திரம் தெளிவாகவே கூறுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றிலே நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கும், அவர்களோடு நட்டுவம் செய்வோர், பாடுவோர், பல வாத்தியங்கள் வாசிப்போர் ஆகியோருக்கும் பங்கு வகுத்த விவரம் செதுக்கப்பட்டிருக்கிறது. பங்கு ஒன்றுக்கு ஒரு வேலி நிலம். அதிலிருந்து ஆண்டுக்கு நூறு கலம் நெல். வேலி என்பது இக்காலக் கணக்கில் ஏறத்தாழ ஆறரை ஏக்கர். திருப்பதியம் பாடிய நாற்பத்தெட்டுப் பேருக்கும், அவர்களோடு உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசித்த இருவருக்கும், நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் என்று வேறொரு கல்வெட்டு விதிக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இசைக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அந்த முறை, உருவம் சிறுத்து, ஊர் ஊராகப் பரவி, நம் பாட்டனார் காலம்வரை நின்றது. கோயில் மேளத்துக்கென்று மானிய நிலம் இருந்தது. அறுவடை நாளில் களத்துமேட்டிலே நெல் தூற்றிக் குவித்தவுடன், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் முதலியோருக்கு அளக்கும் சுதந்திரம் மேளக்காரருக்கும் உண்டு. ஆகவே ஆற்றில் தண்ணீர் வந்தால் மேளக்காரர் வீட்டு அடுப்பு எரியும். வராவிட்டால் ஊரோடு சேர்ந்து அவரும் அரைவயிறு. குறுவை எப்படி, சம்பா எப்படி என்று மிராசுதார் கவலைப்பட்டதுபோலவே நாயனக்காரரும் கவலைப்பட்டார். இசையையும் உழவையும் ஒரே வாய்க்காலில் கட்டிவைத்த ஏற்பாடு அது.

இந்த ஏற்பாடு இசையின் போக்கையும் உருவாக்கிற்று. சபா மண்டபத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் பாட வேண்டியவர் ஒருவிதமாகப் பாடுவார். இரவு பத்து மணிக்குச் சுவாமி புறப்பட்டு, நான்கு வீதியும் சுற்றி, விடியற்காலையில் கோயிலுக்குத் திரும்பும்வரை வாசிக்க வேண்டியவர் வேறுவிதமாகவே வாசிப்பார். அவர் முன்னே தெரு நீண்டு கிடக்கிறது. இரவும் நீண்டு கிடக்கிறது. கீழ வீதியில் எடுத்த ராகம் தெற்கு வீதியில் வளர்ந்து, மேல வீதி முக்கிலே நின்று நிதானித்து, வடக்கு வீதியில் பல்லவியாகும். தஞ்சாவூர்ப் பாணியின் அகண்ட ராக ஆலாபனைக்கு நம் கோயில் ஊர்களின் அகன்ற மாட வீதிகளும் ஒரு காரணம் என்று நான் எண்ணுகிறேன். செம்பொன்னார்கோயில் வித்வான்கள் ரக்தி மேளத்துக்குத் தனிப் பெயர் பெற்றவர்கள். லயத்தின் நுட்பங்களை வார்த்தையின்றி நாதத்தாலேயே விரித்துக் காட்டும் அக்கலை, அவசரமில்லாத இரவுகளில்தான் வளர்ந்திருக்க முடியும்.

கேட்டவர்கள் யார்? அன்று பகல் முழுதும் சேற்றில் நின்று நாற்று நட்டவர்கள், வரப்பு வெட்டியவர்கள், வண்டி ஓட்டியவர்கள். அவர்களுக்கு ராகத்தின் பெயர் தெரியாமல் இருக்கலாம். ராகம் தெரியாமல் இராது. காலையில் பூபாளம் கேட்டு எழுந்து, இரவு பள்ளியறைக்கு நீலாம்பரி கேட்டு உறங்கியவர்கள் அவர்கள். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி என்று ஓர் உருப்படி உண்டு, கம்பீரநாட்டையில் அமைந்தது. தேர் நகரும்போது ஒரு மல்லாரி, தளிகை எடுத்து வரும்போது ஒரு மல்லாரி, தீர்த்தவாரிக்கு ஒரு மல்லாரி எனப் பலவகை உண்டு. ஊரார் வீட்டுக்குள் இருந்தபடியே, இப்போது கோயிலில் என்ன நடக்கிறது என்று அதைக்கொண்டு அறிந்தார்கள். மேளம் ஊருக்கு இசையாகவும் இருந்தது, செய்தியாகவும் இருந்தது.

இதை எனக்கு உணர்த்தியவர் ஒரு மூதாட்டி. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மறுவருஷம் தொடக்கத்திலேயே தமிழ்நாடு முழுவதையும் வறட்சிப் பகுதியாக அரசு அறிவிக்க நேர்ந்தது. அந்த 2017ஆம் ஆண்டுக் கோடையில், எங்கள் ஊர்த் திருவிழாவுக்காக ஆலோசனைக் கூட்டம் கூடிற்று. பள்ளியாசிரியன் என்ற முறையில் கணக்கு எழுத என்னையும் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பணம் போதவில்லை. பத்து நாள் மேளத்தை மூன்று நாளாகக் குறைத்துவிட்டு, மற்ற நாட்களில் பதிவு செய்த நாகசுரத்தை ஒலிபெருக்கியில் வைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்ல வித்வானின் பதிவாகவே வைப்போம், யாருக்கு என்ன குறை என்றும் கேட்டார். பலரும் தலையசைத்தார்கள். அப்போது, திண்ணைக்கு அப்பால் நின்றுகொண்டிருந்த, ஆயுள் முழுதும் நடவு நட்ட ஒரு மூதாட்டி கேட்டார்: “குழாயிலே வைச்சா எந்தத் தெருவிலேயும் ஒரே மாதிரிதானுங்களே ஐயா கேட்கும்? சாமி எந்தத் தெருவுக்கு வந்திருக்காருன்னு நான் எப்படிங்க தெரிஞ்சுக்கறது?”

அவருக்குக் கண் பார்வை மங்கி வெகு காலமாகிவிட்டது. தூரத்தில் மேளம் கேட்டால் எழுந்து உட்காருவார். கிட்டே வந்தால் கற்பூரத் தட்டைக் கையில் எடுப்பார். முக்கு திரும்பிவிட்டது என்று ஒலியாலே அறிந்து வாசலுக்கு வருவார். கம்பத்தில் கட்டிய குழாய் எங்கிருந்து கத்தினாலும் ஒன்றுதான். அதற்கு வரவும் தெரியாது, போகவும் தெரியாது. கூட்டத்தில் இருந்த எங்களில் எவருக்கும் தோன்றாத காரணம் அது. அந்த வருஷம் வாணவேடிக்கையை நிறுத்தினோம். மேளம் பத்து நாளும் நடந்தது.

ஆயினும் இந்த உறவில் இனிமை மட்டுமே இருந்தது என்று கூறினால் அது உண்மையாகாது. ஊர் சோறு போட்டது. கூடவே தலையைக் குனியவும் சொன்னது. பெரிய மனிதர்களின் முன்னே மேளக்காரர் மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே வாசிக்கவேண்டும் என்பது பல இடங்களில் எழுதாத சட்டம். அவர் வாசிப்பில் மெய்மறந்தவர்களே அவரைச் சரியாசனத்தில் அமர்த்தத் தயங்கினார்கள். இன்னொன்றும் உண்டு. அதே ஊரின் சேரியில் பறை முழக்கியவர்களும் இசைக் கலைஞர்களே. அவர்களுடைய உழைப்பால் விளைந்த நெல்தான் எல்லோருக்கும் அளக்கப்பட்டது. ஆனால் கோயில் வாசலும் சரி, களத்துமேட்டு நீதியும் சரி, அவர்களுக்கு நெடுங்காலம் திறக்கவில்லை. பண்ணையாட்களுக்குப் பாதுகாப்பளிக்க 1952இல் சட்டம் வந்த பின்னரும், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழவெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதிலிருந்து எழுந்த பகைதான் அதற்கு மூலம். நெல்லும் நாதமும் பின்னிய இந்த நாட்டின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மேளக்காரரின் தலையை நிமிர்த்தியவர்களுள் முதன்மையானவர் ராஜரத்தினம் பிள்ளை. அவர் 1898இல் திருமருகலில் பிறந்தார். வளர்ந்ததும் வாழ்ந்ததும் திருவாவடுதுறையில். பெற்ற ஊரை விட்டு வளர்த்த ஊரே பெயருக்கு முன்னால் நின்றது. மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை அவர் கேட்டுப் பெற்றார், கோட்டு அணிந்தார், வாய்ப்பாட்டுக்காரருக்கும் பிடில்காரருக்கும் என்ன மரியாதையோ, அதில் ஒரு குன்றிமணியும் குறையக் கூடாது என்றார். அவருடைய தோடியைக் கேட்ட பின்னர் அதை மறுத்துப் பேச எவருக்கும் நாக்கு எழவில்லை. அக்காலத்து நாகசுரம் திமிரி எனப்படும் குட்டையான, உச்சச் சுருதி கொண்ட வாத்தியம். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி அவருக்காக நீளமான, கீழ்ச் சுருதியில் ஒலிக்கும் பாரி நாயனத்தை உருவாக்கித் தந்தார். கேட்கும் வித்வானும் கடையும் ஆச்சாரியும் அண்டை ஊர்க்காரர்களாக இருந்ததால்தான், வாசித்துப் பார்ப்பதும் திருத்துவதும், மீண்டும் வாசித்துப் பார்ப்பதுமாக அந்த மாற்றம் கைகூடிற்று. 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற வேளையில் டில்லியில் ஒலித்தது திருவாவடுதுறை நாகசுரம். 1956 டிசம்பர் 12ஆம் நாள் அவர் மறைந்தார்.

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கியது 1939 மே 16ஆம் நாள். வானொலியும் இசைத்தட்டும் வந்த பிறகு, மேளம் வீதியை விட்டு வெளியே புறப்பட்டது. அப்போதும் ஊர்ப் பெயர் கூடவே சென்றது. ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான அருணாசலம், திருநெல்வேலிச் சீமையின் காருகுறிச்சி என்ற கிராமத்தை நாடறியச் செய்தார். ஆந்திர நாட்டின் கரவதி கிராமத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா சாகிப், தஞ்சைப் பாணியின்மேல் கொண்ட ஆசையால் நாச்சியார்கோயில் வித்வான்களிடம் வந்து கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியமர்ந்தார். கடலுக்கு அப்பாலிருந்து வந்த தவில் மேதை தெட்சிணாமூர்த்தி தம் பெயரோடு யாழ்ப்பாணத்தைச் சேர்த்துக்கொண்டார். கற்பனைக் கதையிலும் இந்த வழக்கம் மாறவில்லை. கொத்தமங்கலம் சுப்பு எழுதி, 1968இல் திரைப்படமாக வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ கதையின் நாயகர் சிக்கல் சண்முகசுந்தரம். ஊர்ப் பெயர் இல்லாத நாகசுரக்காரரை வாசகர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்!

இப்போது கவலைக்குரிய பகுதிக்கு வருகிறேன். இந்த உறவைக் கட்டியிருந்த கயிறுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து வருகின்றன. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டம் முதலிய நிலச் சட்டங்களால் மானியங்களின் பழைய அமைப்பு மாறிற்று. நிலத்தின்மேல் நின்ற அநியாயங்களைத் திருத்த அத்தகைய சட்டங்கள் வேண்டியிருந்தன. ஆனால் நெல்லுக்குப் பதிலாக மேளக்காரருக்கு என்ன என்ற கேள்விக்குச் சிற்றூர்களில் சரியான விடை கிடைக்கவில்லை. அறுவடை இயந்திரம் வந்தபின் களத்துமேடே அருகிப்போயிற்று. களம் இல்லாத இடத்தில் சுதந்திரம் எங்கே அளப்பது? ஆற்று நீரும் நிச்சயமற்றதாயிற்று. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் பாசனத்துக்குத் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் அணை திறக்கப்படவில்லை. 2020இல்தான் அந்த வழக்கம் மீண்டது. குறுவை தவறிய ஊரில் திருவிழா சுருங்கும். திருவிழா சுருங்கினால் முதலில் சுருங்குவது மேளத்தின் நாட்கள்.

அன்றியும் நம்முடைய ருசியும் மாறிவிட்டது. கல்யாண ஊர்வலத்துக்குச் செண்டை மேளம் வேண்டும் என்கிறார்கள். அது கேரள நாட்டின் அருங்கலை. அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நூறு மைல்களுக்கு அப்பாலிருந்து அதை அழைக்கிறவர்கள், அடுத்த தெருவில் இருக்கும் நாயனக்காரரிடம் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் வந்து போகச் சொல்கிறார்கள். கெட்டிமேளம் கொட்டுவதற்கு அரை நிமிஷம் போதும். ஆலாபனை செய்யத் தெரிந்த ஒருவரை அரை நிமிஷத்துக்கு அழைப்பது, நெல் வயலை வாங்கி அதில் நாற்றங்கால் மட்டும் விட்டு நிறுத்திக்கொள்வது போன்றது. தகப்பனார் இவ்வாறு நடத்தப்படுவதைக் காணும் பிள்ளை, சீவாளியைக் கையில் எடுப்பானா? திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலை தேடிப் போகிறான். அவனைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

இங்கேதான் முன்னே சொன்ன கிரைம்தார்ப் கிராமத்தை நினைவுகூர வேண்டுகிறேன். சுரங்கம் மூடிய பின் அந்தக் குழு எப்படிப் பிழைத்தது? சுரங்கம் தந்த ஆதரவு போயிற்று. அதன் இடத்தை வேறு ஆதரவுகளால் நிரப்பினார்கள். வாசிப்பின் தரத்தைத் தாழ்த்தவில்லை, பெயரையும் மாற்றவில்லை. ஒரு தொழில் அழிந்தாலும், அந்தத் தொழில் வளர்த்த கலையை ஊர் விரும்பினால் காப்பாற்றலாம் என்பதே அதன் பாடம். நம் நிலைமை அவ்வளவு மோசமன்று. காவிரி வற்றிப்போய்விடவில்லை, வயல்கள் இன்றும் பசுமையாகத்தான் இருக்கின்றன. நெல்லாக அளந்த கூலியைப் பணமாக, முறையாக, மரியாதையோடு அளக்க நாம் கற்றுக்கொள்ளவில்லை என்பதே குறை.

நல்ல குறிகளும் இல்லாமல் இல்லை. திருவையாற்றில் 1965இல் தொடங்கிய அரசு இசைக் கல்லூரியிலும், மாவட்ட இசைப் பள்ளிகளிலும் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன. குலத் தொழிலாக இருந்ததை இன்று எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் கற்கலாம். பெண் குழந்தைகளும் கற்கிறார்கள். பழைய ஏற்பாட்டில் இருந்த சோற்றை மீட்டு, அதிலிருந்த தலைக்குனிவை விட்டுவிட்டால், இந்தத் தலைமுறைக்கு அதைவிட நன்மை வேறில்லை.

ஊரார் செய்யக்கூடியவை பெரிய காரியங்களும் அல்ல. உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு முதலில் உங்கள் ஊர் மேளத்தை அமர்த்துங்கள். சம்பளத்தைத் திருவிழா முடிந்து பத்து நாள் கழித்து இழுத்தடிக்காமல், கொடியேற்றத்தன்றே ஒரு பகுதியைக் கையில் கொடுங்கள். கல்யாணத்திலே மாலை வரவேற்பில் ஒரு மணி நேரம் நாகசுரத்துக்கென்று ஒதுக்குங்கள். அந்த ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியில் வேறு பாட்டு வேண்டாம். வித்வானுக்கு உட்கார நல்ல இருக்கை போடுங்கள். ஒரு ராகத்தின் பெயரைச் சொல்லி வாசிக்கக் கேளுங்கள். பெயர் தெரியாவிட்டால், சென்ற வருஷம் வடக்கு வீதியில் வாசித்தீர்களே, அது வேண்டும் என்று கேளுங்கள். கேட்பவர் இருக்கிறார் என்று தெரிந்தால் வாசிப்பவரின் கை தானே சாதகத்துக்குப் போகும். பழைய வீட்டைப் பிரிக்கும்போது ஆச்சா மரத் தூண் கிடைத்தால், விறகுக் கடைக்கு அனுப்புமுன் நரசிங்கம்பேட்டைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

திருவீழிமிழலை, வலங்கைமான், நீடாமங்கலம், அரித்துவாரமங்கலம், செம்பொன்னார்கோயில் ஆகிய ஊர்களின் பெயர்களை நாம் ஒருவித இசையோடு உச்சரிப்பதற்குக் காரணம், அங்கே பிறந்த உழைப்பாளிகள் சிலர் அவற்றைத் தங்கள் பெயருக்கு முன் வைத்து, தங்கள் மூச்சைச் செலவிட்டு நாடெங்கும் கொண்டுசென்றதே. ஊருக்கு அவர்கள் செலுத்த வேண்டிய கடனை வட்டியோடு செலுத்திவிட்டார்கள். அவர்களுக்கு ஊர் செலுத்த வேண்டிய பாக்கி இன்னும் நிற்கிறது. உங்கள் ஊரில் இன்று எட்டு வயதுப் பிள்ளை ஒருவன் தாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேளத்தின் பின்னே நடந்து வரக்கூடும். நாளைக்கு அவன் பெயருக்கு முன்னால் உங்கள் ஊரின் பெயர் நிற்குமா, நிற்காதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்தாம்.